துருவின் ஜாதகம்

கோதுமைத் தண்டில் செங்கல் நிறத்தில் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்துக்கொண்டு வரும். விரலால் தடவினால், மழையில் நனைந்த ஜன்னல் கம்பியைத் தொட்ட மாதிரி தூள் ஒட்டும். அதனால்தான் துரு என்று பெயர். தூள் தூளாக இருப்பது ஒரு பூஞ்சையின் வித்து. கொப்புளம் வெடித்தால் தண்டின் தோல் கிழியும். பயிர் குடிக்கிற தண்ணீரும் தின்கிற சத்தும் வழியிலேயே பறிபோகும். மூன்று வாரம் முன்னால் தளதளவென்று நின்ற வயல், அறுவடை நேரத்தில் கறுத்து, முறிந்து, சாய்ந்து கிடக்கும். கதிரைக் கசக்கினால் மணிக்குப் பதிலாகச் சுருங்கிப்போன சாவிதான் கையில் நிற்கும்.

1998-ல் உகாண்டாவின் தென்மேற்கு மலைப்பகுதியில், கலெங்கேரே என்ற ஊரின் ஆராய்ச்சிப் பண்ணையில், வில்லியம் வாகோய்ரே என்ற கோதுமை ஆராய்ச்சியாளர் இந்தக் கொப்புளங்களைப் பார்த்தார். வியாதி அவருக்குப் புதுசு இல்லை. தண்டுத் துரு. கோதுமை எவ்வளவு பழசோ, ஏறக்குறைய அதுவும் அவ்வளவு பழசு. வந்த இடம்தான் புதுசு. வரவே வராது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த பயிர்களில் வந்திருந்தது.

அந்த நம்பிக்கைக்குப் பெயர் எஸ்.ஆர்.31.

அது ஒரு மரபணு. கோதுமையின் சொந்தச் சொத்துகூட இல்லை. ரை என்று ஐரோப்பாவில் ஒரு தானியம் உண்டு. கறுப்பு ரொட்டி சுடுவார்கள். கோதுமைக்கு ஒன்றுவிட்ட சகோதரன். அதன் குரோமோசோமில் ஒரு துண்டு, இனக்கலப்பின் வழியே கோதுமைக்குள் வந்து ஒட்டிக்கொண்டது. வந்த துண்டு தண்டுத் துருவை அண்டவிடாமல் காவல் காத்தது. விளைச்சலையும் கூட்டிக் கொடுத்தது. விடுவார்களா? முதலில் ரஷ்ய ரகங்களில், பிறகு மெக்சிகோவில் இருக்கும் சிமிட் என்ற சர்வதேச கோதுமை ஆராய்ச்சி மையத்தின் மூலம் உலகம் முழுக்க. பஞ்சாபில் 1995-ல் வெளியாகி வட இந்தியாவையே வளைத்துப் போட்ட பி.பி.டபிள்யூ.343 ரகத்தில்கூட இதே ரைத் துண்டுதான். ஆக, மெக்சிகோவிலிருந்து லூதியானா வரைக்கும் எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு. உகாண்டாவில் எவனோ ஒருத்தன் அதற்குச் சாவி செய்துவிட்டான்.

யார் அவன்?

நோய் கண்ட தண்டுகள் தென்னாப்பிரிக்காவுக்குப் போயின. ப்ளூம்ஃபான்டீன் நகரத்தில் ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகம். அங்கே ஸாக்கி பிரிட்டோரியஸ் என்ற துரு நிபுணர். அவர் கையில் இருந்தது ரொம்பப் பழைய வித்தை. அமெரிக்காவில், மினசோட்டாவில், எல்வின் ஸ்டாக்மன் என்ற பேராசிரியர் முதல் உலகப் போர்க் காலத்திலேயே ஆரம்பித்துவைத்தது.

ஸ்டாக்மன் கண்டுபிடித்த விஷயம் இதுதான். தண்டுத் துரு என்று ஒரே ஒரு ஆள் கிடையாது. வெறுங்கண்ணால் பார்த்தாலும் சரி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாலும் சரி, எல்லாம் ஒரே அச்சு. ஆனால் ஒரு துரு அடித்துச் சாப்பிடுகிற கோதுமையை இன்னொரு துரு தொடக்கூட மாட்டேன் என்கும். எனவே, பார்த்து அடையாளம் காணமுடியாது. தின்ன வைத்துத்தான் காணவேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு விதமான காவல் மரபணு இருக்கிற கோதுமை நாற்றுகளை வரிசையாக நிறுத்திவைப்பார்கள். வித்துத் தூளை எல்லாவற்றின் மீதும் தெளிப்பார்கள். 2 வாரம் காத்திருப்பார்கள். எந்த நாற்று படுத்தது, எது எழுந்து நிற்கிறது என்று குறித்துக்கொண்டால், அதுதான் துருவின் முகவரி.

பிரிட்டோரியஸின் அணிவகுப்பில் எஸ்.ஆர்.31 நாற்று படுத்துவிட்டது. அவரும் வாகோய்ரேயும், சிமிட்டின் ரவி சிங்கும் தாமஸ் பெய்னும் சேர்ந்து எழுதிய சின்னக் குறிப்பு 2000-ல் வெளிவந்தது. ஒரு பக்கம் தேறினால் அதிகம். படித்த கோதுமைக்காரர்களுக்கு அடிவயிறு கலங்கியது. உகாண்டா, 1999-ல் அடையாளம் காணப்பட்டது என்பதால் யூஜி99 என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிற்பாடு 20 நாற்றுகளை வைத்து முறையாகக் கொடுக்கப்பட்ட அதிகாரபூர்வப் பெயர் டி.டி.கே.எஸ்.கே. பெற்ற தாய்கூட அப்படிக் கூப்பிடமாட்டாள். யூஜி99 என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் இந்த அணிவகுப்பில் ஒரு குறை உண்டு. ஆள் என்ன செய்வான் என்று அது சொல்லும். யார் பெற்ற பிள்ளை என்று சொல்லாது. அதைச் சொல்ல இன்னும் 20 வருடம் ஆனது. சொன்னபோதோ, துருவைப் பற்றி அதுவரை பாடம் நடத்தியவர்கள் எல்லாம் நாற்காலியின் நுனிக்கு வந்தார்கள். அது ஏன் என்று புரியவேண்டுமானால், துருவின் குடும்ப விவகாரத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கவேண்டும்.

ரோமானியர்கள் ரோபிகஸ் என்று துருவுக்கு ஒரு தெய்வத்தையே வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் ஏப்ரல் 25-ம் தேதி ஒரு நாயைப் பலி கொடுத்து, எங்கள் பயிரை விட்டுவிடு சாமி என்று வேண்டுவார்கள். சாமி காது கொடுத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. ஐரோப்பிய விவசாயிகள் பின்னால் வேறொரு விஷயத்தைக் கவனித்தார்கள். வேலியில் பார்பெரி என்ற முட்செடி இருந்தால் பக்கத்து வயலில் துரு அதிகம். நம் நீலகிரியில் ஊசிக்களா என்கிறார்களே, அதற்குச் சொந்தக்காரச் செடி. அமெரிக்கக் காலனியான கனெக்டிகட்டில் 1726-லேயே பார்பெரியை வெட்டச் சட்டம் போட்டார்கள். படித்த மனிதர்களோ, செடிக்கும் பயிருக்கும் என்ன சம்பந்தம், பட்டிக்காட்டு மூடநம்பிக்கை என்று சிரித்தார்கள். 1865-ல் அன்டான் டி பாரி என்ற ஜெர்மானியர் சோதனை செய்து நிரூபித்த பிறகு சிரிப்பு நின்றது. பட்டிக்காட்டான் சொன்னது சரி. அந்தப் பூஞ்சை பாதி வாழ்க்கையை கோதுமையிலும் மீதியை பார்பெரியிலும் நடத்துகிறது.

பார்பெரியில் அதற்கு என்ன வேலை? கல்யாணம்! 1927-ல் ஜான் கிரெய்கி என்ற கனடாக்காரர் கண்டுபிடித்தார். பார்பெரி இலையில் பூஞ்சை தேன் மாதிரி ஒரு திரவத்தைச் சுரக்கும். ஈ வந்து மொய்க்கும். ஓர் இலையின் தேனை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். அதுதான் சம்பந்தம் பேசி முடிக்கிற தரகர். அப்பா அம்மா மரபணுக்கள் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்து, விதவிதமான பிள்ளைகள் பிறப்பது அங்கேதான். 1918-லிருந்தே அமெரிக்கா பார்பெரியைக் கோடிக்கணக்கில் வேரோடு பிடுங்கியது.

கோதுமை வயலில் கல்யாணம் கிடையாது. வெறும் ஜெராக்ஸ். ஒரு வித்து தன்னைப்போலவே லட்சம் வித்துகளைப் போடும். காற்று தூக்கிக்கொண்டு போகும். ஜெராக்ஸ் எடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து தப்பாக விழும். அதில் ஒரு தப்பு, பூட்டைத் திறந்துவிடும். யூஜி99-ம் இப்படிப் பிறந்த பிள்ளைதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். நியாயமான யூகம். அதன் வாரிசுகள் அப்படித்தான் பிறந்தன. எஸ்.ஆர்.31 போனால் போகட்டும், எஸ்.ஆர்.24 இருக்கிறதே என்று சாய்ந்தார்கள். 2006-ல் கென்யாவில் அதையும் உடைக்கிற ரகம் வந்தது. எஸ்.ஆர்.36? 2007-ல் அதுவும் காலி.

இதற்குள் காற்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2003-ல் எத்தியோப்பியா. 2006-ல் சூடான், செங்கடலைத் தாண்டி ஏமன். 2007-ல் ஈரான். மேப்பை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள், அடுத்து எந்தப் பக்கம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். பாகிஸ்தான், பஞ்சாப்.

இந்த இடத்தில் ஒரு கிழவர் உள்ளே வருகிறார். நார்மன் போர்லாக். பசுமைப் புரட்சியின் தந்தை, 1970-ல் நோபல் அமைதிப் பரிசு. ஸ்டாக்மனின் மாணவர். இளைஞராக மெக்சிகோ போய் அவர் முதலில் சண்டை போட்டதே தண்டுத் துருவோடுதான். ஜெயித்தும் காட்டினார். ஜெயித்ததில் ஒரு வினை. துரு இல்லாத உலகத்தில் துரு நிபுணர்கள் எதற்கு? ஆய்வகங்கள் சுருங்கின. பணம் வேறு பக்கம் போனது. (ஒரு காலத்தில் அமெரிக்க ராணுவம் தண்டுத் துருவின் வித்தைச் சேகரித்து, எதிரி நாட்டுப் பயிர்மேல் தூவுவதற்கு ஆயுதமாகவே பதுக்கி வைத்திருந்தது என்பது இன்னொரு கதை. 1969-க்குப் பிறகு அழித்தார்கள்.) 2005-ல், 91 வயதில், போர்லாக் மறுபடி கிளம்பினார். உலகத் துரு ஒழிப்புக் கூட்டமைப்பு ஒன்று பிறந்தது. கென்யாவின் ஞோரோ என்ற ஊரில், யூஜி99 தாண்டவமாடும் வயலிலேயே, உலகத்துக் கோதுமை ரகங்களைக் கொண்டுவந்து நட்டுப் பார்த்தார்கள். இந்தியாவும் அனுப்பியது. பெரும்பாலானவை விழுந்தன. 2008-ல் கேட்ஸ் அறக்கட்டளை 2 கோடியே 68 லட்சம் டாலர் கொடுத்தது. 2009 செப்டம்பரில் போர்லாக் காலமானார். யூஜி99 தப்பிப் பிழைத்திருந்தது.

பஞ்சாபைப் பற்றிய பயம் சும்மா கிளப்பப்பட்டது இல்லை. காற்றில் துரு எவ்வளவு தூரம் போகும் என்பதை உலகத்துக்குச் சொன்னவர்களில் ஓர் இந்தியர் உண்டு. ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கே.சி.மேத்தா. வட இந்தியச் சமவெளியின் மே, ஜூன் வெயிலில் துரு வித்து பிழைக்கமுடியாது. அப்படியானால் அடுத்த பருவத்தில் எங்கிருந்து முளைக்கிறது? வருடக்கணக்காகத் தேடியதில் விடை ஆக்ராவிலிருந்து ரொம்பத் தள்ளி, தெற்கே கிடைத்தது. நீலகிரி, பழநி மலை! குளுகுளு மலையில் கோதுமைமேல் கோடையைக் கழித்துவிட்டு, தண்டுத் துரு வடக்கே போகிறது. ஊசிக்களாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, சும்மா காற்றுதான் என்று அவர் சொன்னார். பிற்பாடு எஸ்.நாகராஜனும் எல்.எம்.ஜோஷியும், வங்கக் கடலில் நவம்பர் மாதம் உருவாகும் புயல்கள் இந்த வித்துகளை மத்திய இந்தியாவுக்குத் தூக்கிப்போவதை வானிலைப் படங்களோடு விளக்கினார்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் எதற்கு என்று வியந்தவர்களுக்கு பதில் கிடைத்திருக்கும்.

நல்லவேளையாக, ஈரானிலிருந்து பஞ்சாபுக்கு யூஜி99 புயலாக வந்து இறங்கும் என்ற பயம் நிஜமாகவில்லை. எத்தியோப்பியாவில் வேறு ஒன்று நடந்தது.

அங்கே டிகாலு என்றொரு கோதுமை. யூஜி99-க்கு அசையாத ரகம். நம்பி விதைக்கச் சொன்னார்கள், விவசாயிகள் விதைத்தார்கள். 2013 நவம்பரில் தெற்கே பாலே பகுதியில் டிகாலு வயல்கள் தண்டுத் துருவில் படுத்தன. சில இடங்களில் அறுக்கவே ஒன்றும் மிஞ்சவில்லை. அதே செங்கல் கொப்புளம். அதே தூள். யாராக இருந்தாலும் முதலில் என்ன நினைப்பார்கள்? யூஜி99 இன்னொரு பூட்டையும் உடைத்துவிட்டது!

இல்லை. நாற்று அணிவகுப்போடு டி.என்.ஏ. சோதனையும் சேர்த்துச் செய்தபோது, இது யூஜி99 வம்சமே இல்லை என்று தெரிந்தது. வேறு ஒரு குடும்பம். உலகம் முன்வாசலில் யூஜி99-க்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தபோது கொல்லைப்புறமாக வந்தவன். எத்தியோப்பிய விவசாயியின் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். அவன் சொன்னதைக் கேட்டான். நல்ல ரகம் என்று கொடுத்ததை விதைத்தான். துரு எந்த வம்சம் என்ற கேள்விக்கு ஆய்வகத்தில் தாள்தான் செலவு. அவனுக்கு வருஷத்துச் சாப்பாடு.

சரி, யூஜி99-ன் ஜாதகத்துக்கு வருவோம்.

அதை யாரும் சீக்கிரம் படிக்கமுடியாமல் போனதற்குக் காரணம், துருவின் விசித்திரமான குடித்தனம். நம் உடம்பில் ஒரு செல்லுக்கு ஓர் உட்கரு. அப்பா கொடுத்ததும் அம்மா கொடுத்ததும் அதே அறைக்குள். கோதுமைமேல் வாழும் துருவில் அப்படி இல்லை. ஒரு செல்லுக்கு ரெண்டு உட்கரு. ஒரே வீடு, தனித்தனி அறை, தனித்தனி சமையல். ஒவ்வொரு உட்கருவிலும் 18 குரோமோசோம், ஏறக்குறைய 9 கோடி டி.என்.ஏ. எழுத்து.

பழைய இயந்திரங்கள் டி.என்.ஏ.வைச் சின்னச் சின்னத் துணுக்குகளாகத்தான் வாசிக்கும். 'பொன்னியின் செல்வன்' ரெண்டு வெவ்வேறு பதிப்புகளை எடுத்து, வரி வரியாகக் கிழித்து, ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? கதை புரிந்துவிடும். எந்த வரி எந்தப் பதிப்பில் இருந்தது என்று பிரிக்கவே முடியாது. புதிய இயந்திரங்கள் பக்கம் பக்கமாக வாசிக்கக் கற்றுக்கொண்டன. கூடவே இன்னொரு தந்திரம். செல்லை உடைப்பதற்கு முன்னாலேயே, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடக்கும் டி.என்.ஏ. இழைகளை ரசாயனத்தால் குண்டூசி குத்திய மாதிரி பிணைத்துவிடுவது. ஒரே அறையில் கிடந்தவைதான் அதிகம் பிணைந்திருக்கும். ஆக, எது எந்த உட்கரு என்று பிரித்துவிடலாம்.

ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் பீட்டர் டாட்ஸ், மெலனியா ஃபிகெரோவா ஆகியோரின் குழு, மினசோட்டா பல்கலைக்கழகத்துடனும் ப்ளூம்ஃபான்டீனுடனும் சேர்ந்து ரெண்டு துருக்களை இப்படிப் பிரித்து எழுதியது. ஒன்று யூஜி99. இன்னொன்று ஆஸ்திரேலியாவில் 1954-ல் முதன்முதலாகத் தென்பட்ட 21-ம் எண் ரகம். அடையாள அணிவகுப்பில் ரெண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆஸ்திரேலிய ரகத்தின் உட்கருக்களுக்கு ஏ, பி என்று பெயர் வைத்தார்கள். யூஜி99-ஐப் பிரித்தார்கள்.

அதில் ஓர் உட்கரு, அதே ஏ! எங்கோ ஓர் எழுத்து அங்கே இங்கே மாறியதைத் தவிர, 18 குரோமோசோமும் அச்சு அசல். இன்னொன்று மட்டும் புதுசு. அதற்கு சி என்று பெயர் வைத்தார்கள்.

இது எப்படி? பார்பெரியில் முறைப்படி கல்யாணம் நடந்திருந்தால் சீட்டுக்கட்டு கலைந்திருக்கும். ஏ-யிலிருந்து பாதி, பி-யிலிருந்து பாதி என்று கலந்து வந்திருக்கும். முழு ஏ-யும் சிந்தாமல் சிதறாமல் வந்திருக்கிறதே. ஒரே வழிதான் உண்டு. எப்போதோ, ஆப்பிரிக்காவில் எங்கோ ஒரு கோதுமை இலையில், ரெண்டு துருக்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்திருக்கின்றன. இழையோடு இழை உரசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுவரில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஓர் உட்கரு முழுசாக வீடு மாறிவிட்டது. பார்பெரி இல்லை, ஈ இல்லை, முகூர்த்தம் இல்லை. கந்தர்வ விவாகம்.

ஆப்பிரிக்கா என்று எப்படிச் சொல்கிறோம்? அந்த 21-ம் எண் ரகம் ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி இல்லை. தென்னாப்பிரிக்காவில் 1920-களிலிருந்தே இருந்தது. இந்து மகாசமுத்திரத்தைக் காற்றில் தாண்டி 1954-ல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்திருக்கிறது. போன கிளை அங்கே பழைய ஜாதகத்தைப் பத்திரமாக வைத்திருந்ததால், ஊரில் இருந்த கிளை செய்த காரியம் வெளியே தெரிந்தது.

இலைமேல் இப்படி நடக்கலாம் என்று 1950-கள், 60-களிலேயே சிலர் சொன்னார்கள். ரெண்டு துருவைக் கலந்து ஒரே நாற்றில் தெளித்து, ரெண்டிலும் சேராத மூன்றாவது பிறப்பதைக் காட்டினார்கள். ஆய்வகத்தில் சரி, வயலில் நடக்குமா என்று மற்றவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். நிரூபிக்கக் கருவி இல்லை. 2019 நவம்பரில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் அந்தப் பிதுக்கலுக்கு பதில் வந்தது.

இதில் என்ன பயம் என்றால், கோதுமைக்காரர்கள் போட்டுவைத்திருந்த கணக்கே வேறு. பார்பெரி இல்லாத தேசத்தில் துரு ஒரு நேரத்தில் ஓர் எழுத்தைத்தான் மாற்றும். ஆகவே ஒன்றுக்கு ரெண்டு மூன்று பூட்டாகப் போட்டால், எல்லாம் ஒரே நேரத்தில் திறக்க வாய்ப்பில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரனின் சாவிக்கொத்தையே அப்படியே வாங்கிக்கொள்ள முடியும் என்றால்? 9 கோடி எழுத்தும் ஒரே ராத்திரியில் மாறும். ஒரு நாட்டில் சும்மா கிடக்கிற பழைய துருவையும், இதனால் பெரிசாக ஒன்றும் நஷ்டமில்லை என்று அலட்சியமாக விடமுடியாது. 21-ம் எண் அப்படி ஒரு பழைய ஆசாமிதான்.

அந்தக் கட்டுரையை எழுதியவர்களின் பட்டியலில் ஸாக்கி பிரிட்டோரியஸின் பெயரும் இருக்கிறது. உகாண்டா தண்டிலிருந்து வந்த தூளை முதன்முதலில் நாற்றுகள்மேல் தெளித்துப் பார்த்தவர். ஏ கொடுத்த ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. சி கொடுத்தது யார் என்ற இடம் 2019-ல் அந்த ஜாதகத்தில் காலியாகத்தான் இருந்தது.